குவில்ட்டிங் வகுப்பு: ஒரே நாளா, எட்டு வாரமா, ஆன்லைனா?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனார் போனில், "அண்ணி, குவில்ட்டிங் கத்துக்கணும். இங்க ஒருநாள் ஒர்க்‌ஷாப் போடுறாங்க, ஆன்லைன்லயும் நிறைய இருக்கு. எதுல சேரட்டும்?" என்றாள். இரண்டு நாள் கழித்து என்னோடு கல்லூரியில் படித்தவள் வந்தாள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அம்பத்தூர் வீட்டு மாடியில் வகுப்பு தொடங்கப் போகிறாள். "எந்த மாதிரி வகுப்பு வெச்சா நிக்கும்டி?" என்று கேட்டாள்.

துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் இந்தக் குவில்ட்டிங்கைச் சென்னையில் ஆறு வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கடைசி இரண்டு வருடமாக வீட்டிலேயே சின்னதாக ஒரு வகுப்பும் எடுக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தாயிற்று. இரண்டு பேருக்கும் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் நீண்டுகொண்டே போனதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

என் வீட்டுப் பரணில் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. அதற்குள் முக்கால்வாசி முடிந்த ஒரு டேபிள் ரன்னர், வெட்டி மீந்த சதுரங்கள், நாலாக மடித்த மாதிரித் தாள். நான் போன முதல் ஒருநாள் வகுப்பின் மிச்சம் அது. குவில்ட் செய்கிறவர்கள் இப்படி முடியாமல் கிடப்பவற்றுக்கு 'யு.எஃப்.ஓ.' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பறக்கும் தட்டு இல்லை, முடியாத உருப்படி. காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணி வரை, பன்னிரண்டு பேருக்கு ஒரு ஆசிரியை. முதல் ஒரு மணி நேரம் எல்லோருடைய மிஷினையும் ஓட வைப்பதிலேயே போனது. ஒருத்தர் பாபின் கேஸை வீட்டிலேயே மறந்துவிட்டார். இன்னொருத்தர் பரணிலிருந்து இறக்கிய கையோடு தூக்கி வந்திருந்தார், எண்ணெய் கண்டு எத்தனை வருடமோ. சாப்பாட்டுக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. அதற்குள் மணி ஐந்தாகிவிட்டது. "மீதியை வீட்டுல முடிச்சுடுங்க, ஈஸிதான்" என்று அனுப்பி வைத்தார்கள். வீட்டுக்கு வந்து, விளிம்பைச் சுற்றி மூடித் தைக்கும் ஓரப்பட்டியை மூலையில் மடித்துத் திருப்பப் பார்த்தேன். ஈஸியாக இல்லை. பை பரணுக்குப் போனது.

ஆசிரியை மேல் குறை சொல்ல மாட்டேன். கணக்கே அப்படி. ஏழு மணி நேரம் என்றால் 420 நிமிடம். சாப்பாடு, டீ, மிஷின் ரிப்பேர், எல்லோருக்கும் பொதுவாகச் செய்து காட்டுவது என்று 180 நிமிடம் போய்விடும். மிச்சம் 240. பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 20 நிமிடம். அந்த 20 நிமிடம்தான் ஆசிரியையின் கண் என் துணி மேல் விழுந்த நேரம்.

இப்போது வாரவகுப்பு. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், எட்டு வாரம், ஆறு பேர். மொத்தம் 1,200 நிமிடம். பாதியைச் செய்முறைக்கும் அரட்டைக்கும் கழித்துவிடுங்கள். அப்படியும் ஆளுக்கு 100 நிமிடம் வருகிறது. அங்கே கட்டணம் இரண்டாயிரம், இங்கே ஐயாயிரம் என்று போட்டிருந்தால் முதலாவது மலிவு என்று தோன்றும். ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் நிமிடத்தால் வகுத்துப் பார்த்தால் முதலாவதில் நிமிடத்துக்கு 100 ரூபாய், இரண்டாவதில் 50. (தொகைகள் உதாரணத்துக்குத்தான், ஊருக்கு ஊர் மாறும். வகுத்துப் பார்க்கும் பழக்கம்தான் முக்கியம்.)

அந்த நிமிடங்கள் எதற்கு என்று கேட்கலாம். குவில்ட் என்பது மூன்று அடுக்கு: மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டும் தையலுக்குத்தான் குவில்ட்டிங் என்று பெயர். கேட்க எளிதாக இருக்கிறது. நம் வீடுகளில் பழைய புடவையை மடித்து ஓட்டி விரிப்பாக்கிய பாட்டிகளைப் பார்த்தவர்கள், இதற்கு எதற்கு வகுப்பு என்று சிரிப்பார்கள். சிக்கல் மேல் அடுக்கில் இருக்கிறது. துண்டுகளை இணைக்கும்போது ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளித் தையல் போட வேண்டும். ஆசாரி பாஷையில் சொன்னால் இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). அரை நூல் கூடினால் என்ன ஆகிவிடும்? ஒரு தையலில் இரண்டு பக்கமும் அரை அரையாக ஒரு நூல் போகும். வரிசைக்கு 16 சதுரம் என்றால் 15 தையல். ஆகப் பதினைந்து நூல், ஏறத்தாழ 2 அங்குலம் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் சேரவே சேராது. இழுத்துப் பிடித்துத் தைப்போம். குவில்ட் நடுவில் மலையும் பள்ளமுமாக எழும்பும்.

இதில் வேடிக்கை, நன்றாக ஜாக்கெட் தைக்கத் தெரிந்தவர்கள்தான் முதலில் மாட்டுகிறார்கள். பின்னால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்துப் பழகிய கை அது. கால் அங்குலம் என்றால் அந்தக் கைக்குக் கஞ்சத்தனமாகத் தெரியும். அவர்களுடைய தையல் ஓட்டம் என்னுடையதைவிட எத்தனையோ நேர்த்தி. இருந்தும் சதுரம் சதுரமாக வராது.

இதைச் சரிபார்க்க ஒரு சோதனை உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, நீளவாக்கில் இணைத்து, அயர்ன் செய்து அளக்க வேண்டும். மொத்த அகலம் 3½ அங்குலமும், நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் வந்தால் கை தேறிவிட்டது. நல்ல வகுப்பா என்று தெரிய முதல் நாளில் இந்தச் சோதனை நடக்கிறதா என்று பாருங்கள். என் முதல் வகுப்பில் நடக்கவில்லை. ஒருநாள் வகுப்பில் அதற்கு நேரமும் இல்லை, ஏனென்றால் மாலையில் எல்லோரும் கையில் ஒரு பொருளோடு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாரவகுப்பின் நிஜமான பலன் அந்த இரண்டரை மணி நேரத்தில் இல்லை, இரண்டு வகுப்புகளுக்கு நடுவே உள்ள ஏழு நாளில் இருக்கிறது. வீட்டில், உங்கள் மிஷினில், உங்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் தைக்கிறீர்கள். அங்கேதான் தப்பு வெளியே வருகிறது. வகுப்பில் ஆசிரியை மிஷினில் சரியாக வந்த தையல் வீட்டில் தடித்துவிடும், காரணம் உங்கள் மிஷினின் ஃபுட், அதாவது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் அகலம். சாதாரண ஃபுட்டின் ஓரத்தை வைத்துத் தைத்தால் கால் அங்குலத்தைத் தாண்டிவிடும். கால் அங்குல ஃபுட் தனியாக வாங்க வேண்டும், இல்லையென்றால் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து தட்டில் ஒரு டேப் ஒட்ட வேண்டும். இதை எட்டு பக்க நோட்ஸில் அச்சடித்துத் தந்தாலும் ஏறாது. இரண்டாவது வாரம் கோணிப்போன சதுரத்தோடு வந்து நிற்கும்போது ஒரு தடவை சொன்னால் போதும்.

அதேபோல அயர்ன். நாம் சட்டைக்குத் தேய்ப்பதுபோல இழுத்துத் தேய்த்தால் வெட்டிய துண்டு கோணலாகிவிடும். தூக்கி வைத்து, அழுத்தி, தூக்கி எடுக்க வேண்டும். ஒரு வரிசையின் தையல் மடிப்பு இடப்பக்கமும் அடுத்த வரிசையினது வலப்பக்கமும் சாய்ந்திருந்தால் இரண்டும் பல்லுக்குப் பல் பொருந்தி மூலை கச்சிதமாக உட்காரும். இதைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருத்தர் உங்கள் விரலைப் பிடித்து, "இந்தா, இங்க இடிக்குது பாரு" என்று காட்டினால் அரை நிமிட வேலை.

வாரவகுப்பில் குறை இல்லாமல் இல்லை. மூன்றாவது வாரம் யார் வீட்டிலாவது கல்யாணம் வரும், ஐந்தாவது வாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. இரண்டு வகுப்பு விட்டவர் மூன்றாவதற்கு வரக் கூச்சப்படுவார். எட்டு பேரோடு தொடங்கி நாலு பேரோடு முடிந்த வகுப்பும் உண்டு. வகுப்பில் எல்லோரும் ஒரே மாதிரி சாம்பிளர் (வகைக்கு ஒரு பிளாக், அதாவது ஒரு கட்டம், தைத்துப் பழகும் மாதிரி) செய்வது சிலருக்கு அலுப்பு. நாலு சதுர பிளாக், ஒன்பது சதுர பிளாக், அரைச்சதுர முக்கோணம், லாக் கேபின் என்று வாரம் ஒன்றாகப் போகும்போது, "எனக்கு பேத்திக்கு ஒரு போர்வை மட்டும் போதும்மா" என்பவர் பொறுமை இழப்பார். அவருக்கு நான் கடைசியில் சொல்லும் தனி வகுப்பே மேல்.

ஆன்லைன் பக்கம் வருகிறேன். பதிவு செய்த வீடியோவும் நேரலையும் இரண்டு வேறு சமாச்சாரம். பதிவில் உங்களுக்கான நிமிடம் சுத்தமாகப் பூஜ்யம். ஆனால் சில விஷயங்களுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. துணியை நகர்த்தும் பல்லைக் கீழே இறக்கிவிட்டு, கையாலேயே துணியை நகர்த்திக் கோலம் போடுவதுபோல் தைக்கும் ஃப்ரீ மோஷன் இருக்கிறதே, அதை நேர் வகுப்பில் ஆறு தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேமரா ஊசிக்கு மேலேயே நிற்கிறது, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், ராத்திரி பதினோரு மணிக்குப் பார்க்கலாம். ஓரப்பட்டியின் மூலையும் அப்படித்தான். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, பட்டையை மேலே மடித்து, திரும்பக் கீழே இறக்குவதை நான் கடைசியில் கற்றது ஒரு வீடியோவைப் பதினைந்து தடவை பார்த்துத்தான். அடிப்படை தெரிந்தவருக்கு வீடியோ வரப்பிரசாதம். தெரியாதவருக்கு சமையல் நிகழ்ச்சி மாதிரி, பார்க்கும்போது எல்லாம் வரும், அடுப்படிக்குப் போனால் வராது.

நேரலையில் ஆசிரியை உங்களைப் பார்க்கலாம், ஆனால் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான், தையலை இல்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்கேலை மேலே வைத்துப் போட்டோ எடுத்து முந்தைய நாளே அனுப்பச் சொல்லும் ஆசிரியைகள் உண்டு. அப்படிக் கேட்பவரிடம் சேரலாம். நேரமும் ஒரு பிரச்சினை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடை மாதத்து மாலை 6 மணி வகுப்பு நமக்கு விடியற்காலை மூன்றரை. அவர்களுடைய காலை 10 மணி என்றால் நமக்கு இரவு ஏழரை, குக்கர் விசிலோடு சமாளிக்கலாம். ஆஸ்திரேலியர்கள் இன்னும் வசதி. நம் வெயில் காலத்தில் சிட்னியின் பிற்பகல் 2 மணி நமக்குக் காலை ஒன்பதரை.

வெளிநாட்டு வகுப்பில் இன்னொரு சங்கடம், துணி. அவர்கள் குவில்ட்டுக்கென்றே விற்கும் பருத்தித் துணியை மனதில் வைத்துப் பேசுவார்கள். நம் கையில் இருப்பது சுங்குடியும் கலம்காரியும் செட்டிநாட்டுக் கட்டமும். துவைத்தால் சுருங்கும், சிவப்பு ஓடிப்போய்ப் பக்கத்து வெள்ளையில் ஏறும். வெட்டுவதற்கு முன் துவைத்து, சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார் என்று உள்ளூர் ஆசிரியை முதல் நாளே சொல்லிவிடுவார். பருத்திப் பஞ்சு விரிப்பும் இங்கே சுலபமாகக் கிடைக்காது, பாலியெஸ்டர்தான் எல்லா இடத்திலும். அதை எப்படிக் கையாள்வது என்பது இங்கே தைப்பவருக்குத்தான் தெரியும்.

தனி வகுப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. விலை அதிகம், பலன் நிச்சயம், கூட்டத்தின் கலகலப்பு கிடையாது. ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கும், ஒரே ஒரு குவில்ட் செய்தால் போதும் என்பவருக்கும் சரி.

வகுப்பே இல்லாமல் கற்றவர்களையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துச் செய்த குவில்ட்கள் 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் தொங்கின, பிறகு நியூயார்க்குக்குப் போயின. அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்றவர்கள். நம் பக்கத்து கர்நாடகத்தில் கௌதி என்ற பழந்துணி விரிப்பைத் தைப்பவர்களும் அப்படியே. "பாருங்க, அவங்க எந்த வகுப்புக்குப் போனாங்க?" என்று என்னிடம் ஒருவர் வாதாடினார். அவர்களுக்குப் பக்கத்தில் தினமும் ஒரு கண் இருந்தது ஐயா. நமக்கு அந்தப் பாட்டி இல்லை என்பதால்தான் காசு கொடுத்துப் போகிறோம்.

அம்பத்தூர்க்காரிக்கு வருகிறேன். அவளுக்கு ஒருநாள் வகுப்பு மேல்தான் ஆசை. ஒரே நாளில் பணம் கைக்கு வரும், யாரும் பாதியில் நிற்க முடியாது. நான் அவளிடம் சொன்னது: பத்துப் பேருக்கு கிட் (ஆளுக்கு வேண்டிய துண்டுகளின் கட்டு) வெட்டிப் பார். எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. 1979-ல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த ரோட்டரி கட்டர் (சக்கரம்போல் உருளும் கத்தி) இல்லாமல் அட்டையும் கத்திரியுமாக வெட்டிய காலத்தை நினைத்தால் இது சொகுசு, இருந்தாலும் இரண்டு ராத்திரி இரண்டு ராத்திரிதான். அப்படி வெட்டிக் கொடுத்தால் வெட்டக் கற்றுக்கொள்ளாமலே அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். மறுபடி வர மாட்டார்கள். வாரவகுப்பில் அவரவர் துணியை அவரவர் வெட்டுவார்கள், உன் வேலை பார்ப்பது மட்டும். ஆறு பேரோடு தொடங்கு, முழுக் கட்டணத்தையும் முதலிலேயே வாங்கு, விட்ட வகுப்புக்கு ஈடாக மாதக் கடைசியில் ஒரு திறந்த நாள் வை. அந்த ஆறு பேருக்கு அடிப்படை வந்த பிறகு, அவர்களுக்கே ஒருநாள் வகுப்பு போடு: ஃப்ரீ மோஷன் மட்டும், இல்லை அப்ளிக் மட்டும். (தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்கும் தொம்பையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் துணி மேல் துணி வைத்துத் தைப்பது எளிதில் பிடிபடும்.) கை தேறினவருக்கு ஒருநாள் வகுப்பு தேன். தேறாதவருக்குத்தான் அது பரணில் ஒரு பை.

அப்புறம் சில்லறை விஷயங்கள், ஆனால் வகுப்பைக் கவிழ்ப்பவை இவைதான். என் மூன்றாவது வகுப்பில் நாலு அயர்ன்பாக்ஸை ஒரே நேரத்தில் போட்டேன், வீடு இருட்டாகிவிட்டது. ஒன்று 1,000 வாட் என்றால் நாலுக்கு 17 ஆம்பியர் தாண்டும், அந்த லைனின் டிரிப்பர் 16 ஆம்பியர். இப்போது இரண்டே அயர்ன், இரண்டு வேறு லைனில். வெட்டும் மேசை சமையல்மேடை உயரத்துக்காவது இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் குனிந்து வெட்டினால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு பேசும். இடக்கைக்காரர் ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்தே இரு, அவருக்கு ஸ்கேலும் கட்டரும் பக்கம் மாறும். செய்து காட்டும்போது எல்லோரையும் உன் முதுகுக்குப் பின்னால் நிற்க வை. எதிரே நின்றால் எல்லாம் தலைகீழ். காசுக்கு விற்கும் மாதிரியை ஒன்று வாங்கி ஆறு ஜெராக்ஸ் போடாதே, ஆளுக்கு ஒன்று வாங்கச் சொல்.

மிகக் கஷ்டமான விஷயம், கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. ஒருத்தர் மூன்றாவது தடவை பிரித்துத் தைக்கும்போது, "தள்ளுங்க, நான் ஒரு நிமிஷத்துல போட்டுத் தர்றேன்" என்று வாய் வரை வரும். போட்டுக் கொடுத்தால் அவர் முகம் மலரும், அன்றைக்கு நீ நல்ல டீச்சர். வீட்டுக்குப் போனதும் அவர் கைக்கு அது தெரியாது. மாணவரின் மிஷினில் ஆசிரியை உட்காரும் வகுப்பில் நான் பணம் கட்ட மாட்டேன்.

சேரப் போகிறவர்கள் போன் பண்ணி நாலு கேள்வி கேட்டால் போதும். ஒரு ஆசிரியைக்கு எத்தனை பேர்? என் மிஷினைக் கொண்டுவரலாமா? ஓரப்பட்டி வரை வகுப்பிலேயே முடியுமா? முடிந்த பிறகு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலின் தொனியிலேயே பாதி தெரிந்துவிடும். "வாட்ஸ்அப் குரூப் இருக்கு" என்பது பதில் இல்லை, அங்கே குட்மார்னிங்தான் அதிகம். "போட்டோ அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்" என்றால் சேருங்கள்.

நாத்தனார் கோவையில் ஒரு வாரவகுப்பில் சேர்ந்துவிட்டாள், ஐந்து பேர். நேற்று ராத்திரி போட்டோ வந்தது: மூன்று பட்டை, மேலே ஸ்கேல். நடுப்பட்டை ஒரு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. "டீச்சர் பிரிக்கச் சொல்லிட்டாங்க அண்ணி, நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டிருந்தாள். பிரி என்றேன்.